குளுக்கோசைடு பாடி வாஷ்: உப்பு போட்டும் கெட்டியாகவே மாட்டேங்குது

செம்பருத்தி_திண்டுக்கல் | பிப்ரவரி 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எம்பொண்ணுக்கு 6 வயசு. பனி விழ ஆரம்பிச்சா முழங்கை மடிப்பும் முட்டிக்குப் பின்பக்கமும் வறண்டு வெடிச்சுரும். டாக்டர் சோப்பை நிறுத்தச் சொன்னாங்க. போன வருஷத்துலருந்து நானே வீட்ல பாடி வாஷ் கலக்குறேன். 100 கிராமுக்குக் கணக்கு இதுதான் (குளுக்கோசைடும் பீட்டெய்னும்தான் நுரைச்சு அழுக்கை எடுக்குற சரக்கு):

தண்ணி 61, கோகோ குளுக்கோசைடு 25, கோகாமிடோப்ரோபைல் பீட்டெய்ன் 10, கிளிசரின் 3, ப்ரிசர்வேட்டிவ் 1 (சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் கலந்தது).

பொண்ணுக்கு ஒத்துக்குது, அதுல குறையே இல்ல. ஆனா தண்ணியா இருக்கு. உள்ளங்கையில ஊத்துனா விரல் இடுக்கு வழியா ஓடிப் பாதி சாக்கடைக்குத்தான் போகுது. வீடியோல எல்லாம் உப்புக் கரைசல் விட்ட உடனே தேன் மாதிரி ஆகுது. நான் 1%, 2%, 4%னு போட்டுப் பாத்துட்டேன். 5%லயும் அப்படியே தண்ணி. மேல ஊத்துனா எரியுதுன்னு வேற அழுதுட்டா. எங்க தப்பு பண்றேன்?

வெந்தயம்77 | பிப்ரவரி 3, இரவு 10.15

உப்பை நிறுத்திருங்கக்கா. குளுக்கோசைடுக்கு அது வேலைக்கே ஆகாது. சாந்தன் கம்னு கெட்டி பண்ற பிசின் தூள் இருக்கு, அதை 1% போடுங்க. நான் 2 வருஷமா அப்படித்தான் பண்றேன்.

நுரை_வாத்தியார் | பிப்ரவரி 4, காலை 6.20

தங்கச்சி, தப்பு உங்கள் கையில் இல்லை. வீடியோவில் பார்ப்பது வேறு சரக்கு. ஷாம்பூ, ஹேண்ட் வாஷ் தயாரிக்கும் இடத்தில் 18 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கடை ஷாம்பூவில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எல்.இ.எஸ் (சோடியம் லாரெத் சல்ஃபேட்) என்ற நுரைக்கும் சரக்கு. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரில் நிற்கும். தண்ணீரில் இவை வாலை உள்ளே மடக்கிக்கொண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேரும். அந்த உருண்டையைத்தான் மிசெல் என்கிறோம். எஸ்.எல்.இ.எஸ்ஸின் தலையில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒரே சுமை உள்ள தலைகள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் உருண்டைக்கு மேல் அவை வளர முடியாது. உப்பு போட்டால் சோடியம் அயனி நடுவில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்கிவிடும். தலைகள் நெருங்கி உட்காரும், உருண்டை நீண்டு புழுப் போல ஆகும். அந்தப் புழுக்கள் இடியாப்பச் சிக்கல் மாதிரி பின்னிக்கொள்வதைத்தான் நீங்கள் ‘கெட்டி’ என்று பார்க்கிறீர்கள். உப்பு அளவு மீறினால் அதே எஸ்.எல்.இ.எஸ் திரும்பவும் நீர்த்துப் போகும், அது தனிக் கதை.

குளுக்கோசைடின் தலை சர்க்கரை. சோளத்திலிருந்தோ வேறு மாவுப் பொருளிலிருந்தோ வரும் குளுக்கோஸ் அது. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு ஆல்கஹாலோடு அதை இணைத்திருக்கிறார்கள். இந்த இணைப்பைக் கொள்கையளவில் எமில் ஃபிஷர் 1893லேயே செய்து காட்டிவிட்டார். சர்க்கரைத் தலைக்கு மின்சுமை கிடையாது. தள்ளலே இல்லாத இடத்தில் உப்பு எதைப் போய் அடக்கும்? பீட்டெய்னில் நேர், எதிர் இரண்டு சுமையும் ஒரே மூலக்கூறில் இருப்பதால் அதுவும் தனியாக உப்புக்கு மசியாது. ஆகவே உங்கள் கலவையில் 5% என்ன, 10% உப்பு போட்டாலும் கெட்டியாகாது. வெடித்த தோலில் எரிச்சல் மட்டும்தான் மிச்சம்.

கெட்டியாக்கும் முன்னால் இன்னொரு கேள்வி. பிஹெச், அதாவது அமில-கார அளவு, பார்த்தீர்களா? 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். குளுக்கோசைடு கேனில் வரும்போது 11.5க்கு மேல் காரமாக இருக்கும். நீங்கள் சிட்ரிக் அமிலம் சேர்த்ததாக எழுதவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

செம்பருத்தி_திண்டுக்கல் | பிப்ரவரி 5, மதியம் 2.05

அண்ணா, இவ்வளவு பொறுமையா எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. இடியாப்பம்னு சொன்னதும்தான் புரிஞ்சது.

பிஹெச் பேப்பர் வாங்கிட்டு வந்து இன்னைக்குப் பாத்தேன். 9க்கும் 10க்கும் நடுவுல காட்டுது. ஒரு வருஷமா இதையா புள்ள மேல ஊத்துனேன்னு நெனச்சு மனசே சரியில்ல. ஒரு மாசம் கழிஞ்ச பாட்டில்ல ஒரு மாதிரி வாடை வரும். வாசனைக்கு விடுற எலுமிச்சை எண்ணெய் பழசாயிருச்சு போலன்னு விட்டுட்டேன்.

நுரை_வாத்தியார் | பிப்ரவரி 5, இரவு 8.30

மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். சாதாரண சோப்புக் கட்டியும் 9, 10 என்றுதான் இருக்கும். ஆனால் அந்த வாடையைத் தள்ளிவிட முடியாது. அந்த பாட்டில்களை இன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

சோடியம் பென்சோயேட் தானாகக் கிருமியை அடக்குவதில்லை. அமிலச் சூழலில் அது பென்சோயிக் அமிலமாக மாற வேண்டும், அந்த வடிவம்தான் வேலை செய்யும். பிஹெச் 4.2இல் பாதி அப்படி இருக்கும். 5இல் ஏறத்தாழ 14%. 6இல் 1.5% சொச்சம். 9இல் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரிசர்வேட்டிவ் போட்டிருக்கிறேன் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு வருடமும் அது பாட்டிலில் சும்மா கிடந்திருக்கிறது.

அதனால் வரிசை இதுதான். பென்சோயேட்டை முதலில் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். மற்றதெல்லாம் சேர்ந்த பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.8 முதல் 5க்குள் கொண்டுவாருங்கள். முதலிலேயே அமிலத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு பென்சோயேட் போட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

இன்னொன்று. குளுக்கோசைடு கேனில் பாதிதான் சரக்கு, மீதி தண்ணீர். 25க்கு 12.5 ஆச்சு. பீட்டெய்னில் சுமார் 30% சரக்கு, அதில் 3. மொத்தம் 15.5. பெரியவர்களுக்குக்கூட இது தாராளம். வெடித்த தோலுள்ள குழந்தைக்கு 10 போதும்.

அரப்பு_கொங்கு | பிப்ரவரி 6, காலை 7.10

நடுவுல வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கெட்டியாக்கறதுக்கு இத்தனை பாடு எதுக்குங்க? எங்க அப்பத்தா சனிக்கிழமையானா அரப்புத் தூளை வடிகஞ்சியில கலக்கி வைக்கும். கெட்டியா, கைக்கு நிக்கற மாதிரி இருக்கும். அரப்பு கெடைக்கலீன்னா செம்பருத்தி எலையைக் கல்லுல அரைக்கும். அழுக்கைப் போக்கறதும் செடிதான், கெட்டி பண்றதும் செடிதான். கேனும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். குளுக்கோசைடைத் தொழிற்சாலையில பண்ணிட்டு ‘இயற்கை’ன்னு பேர் வெக்கறது எனக்குச் சரியாப் படலீங்க.

நுரை_வாத்தியார் | பிப்ரவரி 6, இரவு 9.00

உங்கள் அப்பத்தா செய்தது முழுமையான ஒரு ஃபார்முலா. அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் இருப்பது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். அதற்கும் சர்க்கரைத் தலை, எண்ணெயைப் பிடிக்கும் உடல். குளுக்கோசைடின் பெரியம்மா பிள்ளை என்றே சொல்லலாம். வடிகஞ்சியில் ஸ்டார்ச், செம்பருத்தி இலையில் கொழகொழப்பு. ஊறவைத்த வெந்தயத்தில் வருவதும் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம்மும் ஒரே குடும்பம், இரண்டும் கேலக்டோமன்னன் என்ற பிசின் வகை. உலகத்துக்குத் தேவையான குவாரில் பெரும்பங்கு நம் நாட்டில்தான் விளைகிறது, அதிலும் ராஜஸ்தான் பக்கம் அதிகம். நாம் பொரியல் வைக்கும் கொத்தவரங்காய்தான் அது.

ஆனால் அப்பத்தா கலக்கியதை அன்றைக்கே தேய்த்து முடித்துவிட்டார், ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை. வடிகஞ்சியை ஒரு ராத்திரி வைத்தாலே புளித்துவிடும். பாட்டிலில் மூன்று மாதம் நிற்க வேண்டும் என்று வரும்போதுதான் சுத்தம் செய்த கம், அமிலம், ப்ரிசர்வேட்டிவ் எல்லாம் தேவைப்படுகின்றன. வெந்தயத் தண்ணீரையோ கஞ்சியையோ பாட்டிலுக்குள் விட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி.

அரப்பு_கொங்கு | பிப்ரவரி 7, காலை 6.45

அது நெசந்தானுங்க. நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். எங்க பையன் சின்னதா இருக்கும்போது அரப்பு கண்ணுல பட்டு ஒரு மணி நேரம் அழுதான். வெடிச்ச தோலுக்குத் தூள் போட்டுத் தேச்சா இன்னும் ராவும். அந்தப் புள்ளைக்கு வேண்டாம். பெரியவங்க தலைக்கு மட்டும் யாரும் இதை விட்டுராதீங்க, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

செம்பருத்தி_திண்டுக்கல் | பிப்ரவரி 15, மாலை 5.50

சாந்தன் வாங்கிப் போட்டேன். எல்லாம் கலக்கி முடிச்சப்புறம் மேல 1% தூவி, கை பிளெண்டர்ல ஓட்டுனேன். ஜவ்வரிசி மாதிரி கட்டி கட்டியா நிக்குது, உள்ள காஞ்ச தூள் அப்படியே இருக்கு. மேல ஒரு அடிக்கு நுரை. 3 நாளாச்சு, அந்தக் குமிழி இன்னும் உள்ளயே தொங்குது. என்ன பண்ண?

வெந்தயம்77 | பிப்ரவரி 15, இரவு 7.30

அக்கா மன்னிச்சுக்கோங்க, எப்படிப் போடணும்னு நான் சொல்லாம விட்டுட்டேன். சாந்தனைத் தண்ணியில நேரா தூவவே கூடாது. வெளித்தோல் உடனே ஊறி உள்ள தண்ணி போக விடாது. முதல்ல கிளிசரின்ல குழைக்கணும், 1 பங்குக்கு 4 பங்கு கிளிசரின். கிளிசரின்ல அது ஊறாது, தனித்தனியாப் பிரிஞ்சு நிக்கும். அந்தக் குழைவைத் தண்ணியில விட்டு நல்லாக் கலக்கி அரை மணி நேரம் விடுங்க. கட்டியில்லாம ஜெல்லாயிரும். அதுக்கப்புறம்தான் பீட்டெய்ன், குளுக்கோசைடு. அப்போ பிளெண்டரைத் தொடவே கூடாது, கரண்டியால மெதுவா.

குமிழி நிக்கிறதுக்கும் சாந்தன்தான் காரணம். அசையாம இருக்குறப்ப அது எதையும் மேல ஏற விடாது. சாலட் சாஸ்ல மசாலாத் தூள் அடியில தங்காம மிதக்குறது இதனாலதான். முட்டைக்கோஸ் இலையைக் கருக வைக்கிற ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரையில வளர்த்து எடுக்குற பிசின் இது. அமெரிக்காவுல பியோரியா ஊர்ல இருக்குற அரசு வேளாண் ஆய்வகத்துல ஆலின் ஜீன்ஸ் குழு இதைக் கண்டுபிடிச்சதுன்னு படிச்சப்போ எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு.

1%னா சளி மாதிரி இழுக்கும். 0.8ல நிறுத்துங்க. தெளிவா வேணும்னா ‘கிளியர் கிரேடு’ன்னு கேட்டு வாங்குங்க, சமையல் சாந்தன் கலங்கலாத்தான் வரும்.

கற்றாழை_ரொறன்ரோ | பிப்ரவரி 16, அதிகாலை 4.10

நானும் உதிலை பட்டனான். எனக்குச் சாந்தன்ரை வழுவழுப்புப் பிடிக்கேல்லை. அதாலை கோகோ குளுக்கோசைட்டிலை ஒரு பங்கைக் குறைச்சு லாரைல் குளுக்கோசைட் போட்டனான். அது பசை மாதிரி இறுகித்தான் வரும், சுடுதண்ணிக்குள்ளை போத்திலை வைச்சு இளக்கிப் போட்டுத்தான் கலக்கோணும். வால் நீளமெண்டபடியாலை அது தானாவே கொஞ்சம் தடிப்பைக் குடுக்கும், சாந்தனும் குறையப் போதும்.

ஒண்டு மட்டும் சொல்லோணும். இஞ்சை குளிர் காலத்திலை குளியலறை யன்னலடியிலை வைச்ச போத்தில் பால் மாதிரிக் கலங்கிப் போச்சு. பயந்து போனன். சுடுதண்ணிக்குள்ளை வைக்கத் தெளிஞ்சிட்டுது. திண்டுக்கல்லிலை உந்தப் பிரச்சினை வராது எண்டு நினைக்கிறன்.

செம்பருத்தி_திண்டுக்கல் | மார்ச் 2, மாலை 6.15

வெந்தயம் சொன்ன மாதிரி கிளிசரின்ல குழைச்சேன். ஒரு கட்டி இல்ல! லாரைலும் 4% சேர்த்தேன். ரொறன்ரோ அக்காவுக்கு நன்றி, கையில நிக்குது.

அதோட விட்டிருக்கணும். தோல் மெத்துன்னு இருக்கும்னு கடையில சொன்னாங்கன்னு கண்டிஷனிங் குவார்னு ஒரு தூள் வாங்கி 0.3% விட்டேன். விட்ட இடத்துல பால் திரிஞ்ச மாதிரி நூல் நூலா வந்துருச்சு, மொத்தமும் தண்ணியாயிருச்சு. ஒரு கிலோ வீணாப் போச்சு. குவார் நல்லதுன்னுதானே இங்க சொன்னீங்க?

நுரை_வாத்தியார் | மார்ச் 2, இரவு 9.45

சாதாரண குவார் வேறு, கண்டிஷனிங் குவார் வேறு. இரண்டாவதில் நேர்மின்சுமை ஏற்றியிருக்கிறார்கள், முடியிலும் தோலிலும் ஒட்டுவதற்காக. சாந்தனுக்கு எதிர்மின்சுமை. இரண்டும் பார்த்த மாத்திரத்தில் கட்டிப்பிடித்துத் தண்ணீரை விட்டு வெளியேறிவிடும். நீங்கள் பார்த்த நூல் அதுதான். பாலிக்வாட்டர்னியம் என்று பெயர் தொடங்கும் எதைப் போட்டாலும் சாந்தனோடு இதே ஆபத்து உண்டு.

கண்டிஷனிங் சரக்கு கட்டாயம் வேண்டுமென்றால் சாந்தனை விட்டுவிட்டு ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் போடலாம். அதற்குச் சுமை கிடையாது, யாரோடும் சண்டைக்குப் போகாது, சளி மாதிரியும் இழுக்காது. என் கைக்கு அதுதான் எப்போதும் பிடித்தது. ஆனால் மரக்கூழ் செல்லுலோஸை எத்திலீன் ஆக்சைடோடு சேர்த்துச் செய்வது அது. ‘முழு இயற்கை’ என்று லேபிளில் எழுத நினைப்பவர்கள் அதைத் தொட மாட்டார்கள். உங்கள் பெண்ணுக்குக் கண்டிஷனிங் குவாரே தேவையில்லை. குளித்து முடித்து ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெயோ டாக்டர் கொடுத்த கிரீமோ தடவுங்கள். அது செய்வதை எந்த பாடி வாஷும் செய்யாது.

கம்மே இல்லாமல் கெட்டியாக்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி என்பதால் சொல்லிவிடுகிறேன். குளுக்கோசைடுக்குப் பதில் அமினோ அமில வகையை எடுங்கள், சோடியம் லாரோயில் சார்கோசினேட் அல்லது சோடியம் கோகோயில் குளூட்டமேட். இவற்றின் தலையில் எதிர்மின்சுமை உண்டு, ஆனால் அது அமிலத்துக்கு அடங்கும் சுமை. பீட்டெய்னோடு கலந்து பிஹெச்சை 6லிருந்து மெதுவாக இறக்குங்கள். 5.5 வரை தண்ணீர்தான். 5ஐ நெருங்கும்போது சில தலைகள் சுமையை இழக்கும், தள்ளல் குறையும், அந்தப் புழு உருவாகும். திடீரென்று கரண்டி கனக்கும். முதல் தடவை அதைக் கையில் உணர்ந்த நாள் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எஸ்.எல்.இ.எஸ்ஸில் உப்பு செய்த வேலையை இங்கே எலுமிச்சைப் புளிப்பு செய்கிறது. அந்த இடத்தைத் தாண்டி இன்னும் இறக்கினால் கலங்கும், பிரியவும் செய்யும். 20% சிட்ரிக் கரைசலாகக் கரைத்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மல்லிகை_மதுரை | மார்ச் 3, காலை 10.20

நான் ஒரு தோல் மருத்துவமனையில நர்ஸ். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். செடியிலருந்து வந்தா அலர்ஜி வராதுன்னு யாரும் நினைக்காதீங்க. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2017க்கான ‘ஆண்டின் அலர்ஜிப் பொருள்’னு அறிவிச்சது இதே ஆல்கைல் குளுக்கோசைடுகளைத்தான். 2004ல பீட்டெய்னை அறிவிச்சாங்க. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டும் ஒண்ணும் பண்ணாது. ஆனா எக்ஸிமா (வறண்டு வெடிக்கிற தோல் அழற்சி) இருக்குற தோல்ல தடுப்புச் சுவர் ஏற்கெனவே ஓட்டை. ஃபார்முலா மாத்துற ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குற இடத்துல கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாருங்க. எலுமிச்சை எண்ணெய் எதுக்கும்மா? புள்ளைக்கு வாசனையே வேண்டாம்.

அப்புறம், அக்கம்பக்கத்துல கேட்டாங்கன்னு விலைக்குக் குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா லைசென்ஸ் வேணும். 2020ல வந்த அழகுசாதன விதிகள்ல வீட்ல பண்றவங்களுக்குன்னு தனி விலக்கு இல்ல.

வெந்தயம்77 | மார்ச் 3, மதியம் 1.00

கெட்டியே பண்ணாம இருக்க இன்னொரு வழி: நுரை பம்ப் பாட்டில். அதுக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கணும், கெட்டியா இருந்தா பம்ப் அடைச்சுக்கும். அழுத்துனா நுரையாவே கையில நிக்கும், ஓடாது. எங்க வீட்ல பாப்பாவுக்கு அதான். சாந்தன் போட்டது எனக்கு மட்டும்.

செம்பருத்தி_திண்டுக்கல் | மார்ச் 4, காலை 8.10

பம்ப் பாட்டில் யோசனை மொதல்லயே தோணலையேன்னு இருக்கு. ஆனா எம்பொண்ணுக்குத் தானே ஊத்தித் தானே தேய்க்கணும், பம்பை அழுத்த அவளுக்குக் கை வலு பத்தல. முயற்சி பண்ணிப் பாத்துட்டோம். அதனால கெட்டிதான் வேணும். எலுமிச்சை எண்ணெயை நிறுத்திட்டேன் மல்லிகைக்கா. விக்கிற எண்ணம் இப்போ இல்ல.

கெட்டி எவ்வளவுன்னு வீட்ல எப்படி அளக்கறது வாத்தியார் அண்ணா? ஒவ்வொரு தடவையும் கண்ணால பாத்தே சொல்றேன், போன தடவைக்கு இது கூடவா குறைவான்னு தெரிய மாட்டேங்குது.

நுரை_வாத்தியார் | மார்ச் 4, இரவு 8.50

நல்ல கேள்வி. மிஷின் தேவையில்லை. ஒரே புனல், ஒரே அளவு, 50 மில்லி. முழுதும் இறங்க எத்தனை நொடி என்று போனில் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். அறை வெப்பம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். காலையில் அளந்ததையும் மதியம் அளந்ததையும் ஒப்பிட வேண்டாம். கலக்கிய அன்றைக்கு அளப்பதைவிட மறுநாள் அளப்பதுதான் நிஜம், கம் முழுதாக ஊறி, குமிழியும் போயிருக்கும்.

செம்பருத்தி_திண்டுக்கல் | ஏப்ரல் 12, இரவு 9.15

எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இப்போ பண்றது இதுதான், 100 கிராமுக்கு:

தண்ணி 70.5 (சிட்ரிக் கரைசலும் இதுக்குள்ள), கோகோ குளுக்கோசைடு 12, லாரைல் குளுக்கோசைடு 4, பீட்டெய்ன் 8, கிளிசரின் 4, சாந்தன் 0.8, பென்சோயேட்டும் சார்பேட்டும் சேர்த்து 0.7. பிஹெச் 4.9. உப்பு இல்ல, வாசனை இல்ல.

பென்சோயேட்டையும் சார்பேட்டையும் தண்ணியில கரைச்சு, அதுல கிளிசரின் குழைவை விட்டு, அரை மணி நேரம் ஊற விட்டு, அப்புறம் பீட்டெய்ன், இளக்குன லாரைல், கோகோ, கடைசியா அமிலம். புனல்ல 34 நொடி, மறுநாள் காலையில அளந்தது. அதே புனல்ல பழசு 6 நொடியில இறங்குச்சு.

பொண்ணு முன்கையில நல்லா இருக்குற இடத்துல 3 நாள் தடவிப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். எரியலைங்கிறா. வெடிப்பு இன்னும் முழுசாப் போகல, ஆனா வெயில் வந்துட்டதால எதனாலன்னு சொல்ல முடியல. அடுத்த பனிக்காலத்துலதான் தெரியும்.

அண்ணா சொன்ன சார்கோசினேட்டை 100 கிராம் வாங்கி எனக்குன்னு தனியாக் கலக்கிப் பாத்தேன். 5.1ல கரண்டி கனத்துச்சு. நீங்க எழுதுன மாதிரியே திடீர்னு. அடுப்படியில தனியா நின்னு சத்தமாச் சிரிச்சுட்டேன்.

மூணு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணு ஃபிரிட்ஜ்ல, ஒண்ணு குளியலறை அலமாரியில, ஒண்ணு மொட்டை மாடி அறையில தகரத்துக்குக் கீழ. ஜூலை 12 அன்னைக்குத் திறந்து, மோந்து பாத்து, பிஹெச்சும் புனல் நொடியும் மறுபடி அளந்து இங்கயே எழுதறேன்.